ஆயிரம் க்யூபிட் இருக்கட்டும், பக்கத்து ரூமுக்குப் போக வழி இருக்கா?

போன வாரம் எங்க டிபார்ட்மெண்ட்ல செமினார். ஜூனியர் பையன் ஒருத்தன் நல்லாத்தான் பேசினான், குறை சொல்ல மாட்டேன். கடைசி ஸ்லைடுல ஒரு பார் சார்ட் போட்டான். 2019ல 53. 2022ல 433. 2023ல 1121. ஏணி மாதிரி ஏறிக்கிட்டே போகுது. (முதல் எண் கூகிளோடது, மத்த ரெண்டும் ஐபிஎம்மோடது. ரெண்டு வீட்டுக் கணக்கை ஒரே நோட்டுல எழுதியிருக்கான். அதையும் யாரும் கேக்கல.) எல்லாரும் கை தட்டினாங்க.

நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? "அந்த 1121ல இந்த மூலையில இருக்கிற க்யூபிட்டோட நிலையை எதிர் மூலைக்குக் கொண்டு போகணும்னா எவ்வளவு நேரம் ஆகும்? போய்ச் சேரும்போது அதுல எவ்வளவு மிச்சம் இருக்கும்?"ன்னு கேட்டேன். பையன் சாரைப் பார்த்தான். சார் என்னைப் பார்த்தார். "அதெல்லாம் இன்ஜினியரிங் டீடெய்ல்மா. ஃபிசிக்ஸ் கேள்வி ஏதாவது இருக்கா?"ன்னார்.

இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு வாக்கியத்துக்கான பதில்தான். கொஞ்சம் நீளம், டீ வச்சிக்கிட்டு உக்காருங்க.

அன்னிக்கு சாயந்திரமே இன்னொண்ணும் நடந்துச்சு. அது நடக்கலேன்னா இதை எழுதியிருக்கவே மாட்டேன். முதல் வருஷப் பொண்ணு ஒருத்தி, குவாண்டம் டாட் பத்தி ப்ராஜெக்ட் பண்றதா இருந்தவ, வந்து கேக்கறா: "அக்கா, ஆயிரமே வந்தாச்சு. இனிமே ஹார்டுவேர்ல நாம செய்ய என்ன இருக்கு? நான் டேட்டா சயன்ஸுக்கே மாறிடறேன்." அந்த பார் சார்ட் செஞ்ச வேலை இது. வேலை முடிஞ்சிடுச்சுன்னு ஒரு பொய்யை, ஒரு வார்த்தை கூட பொய் சொல்லாம, அவ மண்டையில ஏத்திடுச்சு.

முதல்ல அந்த 1121ஐயே எடுத்துக்கலாம். கணக்கு சுலபமா இருக்க 33க்கு 34 கட்டமா நினைச்சுக்கோங்க. ஒவ்வொருத்தரும் பக்கத்து வீட்டுக்காரரோட மட்டும்தான் பேச முடியும். மூலையில இருக்கிற நிலையை எதிர் மூலைக்குப் பக்கத்துல கொண்டு வரணும்னா 64 இடமாற்றம். ஒரு இடமாற்றத்துக்கு 3 சிநாட் கேட். ஆக 192 கேட். ஒவ்வொரு கேட்டும் 99.5 சதவீதம் சரியா வேலை செய்யுதுன்னு தாராளமாவே வச்சுக்குவோம். 0.995ஐ 192 தடவை பெருக்கிப் பாருங்க. 0.38. கிளம்பினது முழு நிலை, போய்ச் சேர்ந்தது அறுபது சதவீதத்துக்கு மேல குப்பை. நிஜ சிப்புல கட்டமே கிடையாது, தேன்கூடு மாதிரி ஒரு அமைப்பு. பக்கத்து வீடுகள் இன்னும் கம்மி, சுத்து வழி இன்னும் அதிகம்.

சாதாரண கம்ப்யூட்டர்ல இது ஏன் பிரச்சினையே இல்ல? ஏன்னா அங்க நாம காப்பி எடுக்கறோம். மெயில் அனுப்பினா ஒரிஜினல் நம்மகிட்டயே இருக்கு. வழியில ஒரு துண்டு தொலைஞ்சா, மறுபடி அனுப்புன்னு அந்தப் பக்கத்துலேர்ந்து கேக்கும், அனுப்பிடுவோம். இணையம் முழுக்க ஓடறது இந்த ஒரே தைரியத்துலதான். குவாண்டம் நிலைக்கு அந்த தைரியம் கிடையாது. தெரியாத ஒரு நிலையைப் பிரதி எடுக்கவே முடியாதுன்னு 1982லயே நிரூபிச்சுட்டாங்க. வழியில சிந்தினா சிந்தினதுதான். வேகமா போகணும், ஏன்னா நிலை தானாவே கெட்டுக்கிட்டு இருக்கு. பத்திரமாவும் போகணும், ஏன்னா ரெண்டாவது வாய்ப்பு இல்ல. இந்த ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுக்கும். அந்த இழுபறிதான் சார் ஃபிசிக்ஸ். டீடெய்ல் இல்ல.

"டெலிபோர்ட்டேஷன் இருக்கே, மச்சி"ன்னு எங்க கேங்க்ல ஒருத்தன் சொன்னான். நியாயமான கேள்வி. பின்னல் ஜோடிகளை முன்னாடியே ரெண்டு பக்கமும் விநியோகம் பண்ணி வச்சுட்டா, தோத்தாலும் ஜோடிதான் போகும், விலை மதிப்புள்ள நிலை போகாது. மறுபடி முயற்சி பண்ணலாம். ஒத்துக்கறேன், அது உண்மையான வழி. ஆனா அந்த ஜோடியில ஒரு பாதியை அந்தப் பக்கம் யார் கொண்டு போய்ச் சேர்த்தது? அதுவும் ஒரு குவாண்டம் நிலை, அதுவும் பயணம் போகணும். கிணத்தை வீட்டுக்குள்ள மாத்தினாலும் தண்ணி இறைச்சுத்தான் ஆகணும்.

இப்ப சிலிக்கானுக்கு வரேன். எனக்குப் பிடிச்ச இடம் இதுதான், கொஞ்சம் அதிகமாவே பேசுவேன்.

சிலிக்கான்-ஜெர்மானியம் அடுக்குக்குள்ள ஒரே ஒரு எலெக்ட்ரானை மின்வாய்களால சிறை பிடிச்சு, அதோட ஸ்பின்ல நிலையை எழுதி வைக்கறாங்க. அதை நகர்த்த ரெண்டு வழி. முதல் வழி, கட்டட வேலையில செங்கல் கைமாத்தற மாதிரி. ஒரு குழியிலேர்ந்து அடுத்த குழி, அதுலேர்ந்து அடுத்தது. ரெண்டாவது, குழியையே நகர்த்தறது. வரிசையா இருக்கிற மின்வாய்கள்ல அலை அலையா மின்னழுத்தம் கொடுத்தா குழி அப்படியே வழுக்கிக்கிட்டு போகும். ஏர்போர்ட்ல பெட்டி வருமே, அந்த பெல்ட் மாதிரி.

செங்கல் முறையில ஒவ்வொரு கைமாத்தலும் ஒரு கண்டம். ரெண்டு குழியோட ஆற்றல்களும் ஒண்ணையொண்ணு தாண்டற இடத்துல சின்ன இடைவெளி இருக்கும். வேகமா போனா எலெக்ட்ரான் தாவாம பின்னாலயே நின்னுடும். 1932லயே லாண்டாவும் ஸீனரும் தனித்தனியா இதுக்குக் கணக்கு போட்டாச்சு. இடைவெளி பாதியா குறைஞ்சா, அதே பாதுகாப்புக்கு நாலு மடங்கு மெதுவா போகணும். சரி, மெதுவாவே போயிடலாமே? நம்ம ஊர்ல எல்லாத்துக்கும் சொல்ற அறிவுரைதான், நிதானமே பிரதானம். ஆனா மெதுவா போனா சுத்தி இருக்கிற இரைச்சல் ஸ்பின்னைத் தின்னுடும். சாதாரண சிலிக்கான்ல 4.7 சதவீதம் சிலிக்கான்-29 அணுக்கள், ஒவ்வொண்ணும் ஒரு குட்டி காந்தம். அதை வடிகட்டின சிலிக்கான் போட்டாலும் மின் இரைச்சல் இருக்கு.

இதோட முடியல. சிலிக்கான்ல எலெக்ட்ரானுக்கு 'பள்ளத்தாக்கு'ன்னு இன்னொரு தனி அடையாளம் உண்டு. கிணறு மாதிரியான அந்த மெல்லிய அடுக்குல கீழ்மட்டத்துல ரெண்டு பள்ளத்தாக்கு நிலைகள். அதுக்கு நடுவுல இருக்கிற ஆற்றல் வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறும். ஒரு இடத்துல தாராளம், இன்னொரு இடத்துல கிட்டத்தட்ட பூஜ்யம். காரணம் கேட்டா சிரிப்பு வரும்: ஜெர்மானியம் அணுக்கள் எந்த இடத்துல உக்காந்திருக்குங்கறது தாயக்கட்டை உருட்டின மாதிரிதான். எவ்வளவு சுத்தமா தயாரிச்சாலும் அந்த உருட்டல் போகாது. அந்த வித்தியாசமும் ஸ்பின்னோட ஆற்றல் வித்தியாசமும் சமமா வர்ற இடங்கள்ல ஸ்பின் சட்டுன்னு கவிழ்ந்துடும். அந்த இடத்துல நிதானமே பிரதானம்னு நின்னா அவ்வளவுதான், தாண்டி ஓடணும். அப்ப எங்க ஓடணும், எங்க நடக்கணும், எங்க சுத்திப் போகணும்? இது எல்லாமே சிப்புக்கு சிப் வேற.

நெதர்லாந்துல டெல்ஃப்ட் குழு 2024ல வெளியிட்டதைப் படிச்சுட்டு நான் ரெண்டு நாள் மிதந்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு முறையையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தாங்க. பெல்ட் முறைதான் ஸ்பின்னை ரொம்ப நல்லா காப்பாத்துச்சு. மொத்தமா 10 மைக்ரோமீட்டர் தூரம், 200 நானோசெகண்டுக்குள்ள, 99 சதவீதத்தை ஒட்டின நம்பகத்தன்மை. வகுத்துப் பாருங்க. விநாடிக்கு 50 மீட்டர். மணிக்கு 180 கிலோமீட்டர்! வந்தே பாரத் 2018ல சோதனை ஓட்டத்துல தொட்ட வேகம். (அவங்க ஒரே நேர்கோட்டுல 10 மைக்ரோமீட்டர் ஓட்டல, சின்ன டிவைஸ்ல முன்னும் பின்னுமா ஓட்டினதைக் கூட்டின கணக்கு அது. ஓரமா ஒளிச்சு வைக்காம அவங்களே சொல்லியிருக்காங்க. நாமும் சொல்லணும்.)

இன்னொரு அழகான விஷயம். ஓடற எலெக்ட்ரான் நிக்கிற எலெக்ட்ரானை விட சில விதத்துல பாதுகாப்பா இருக்கு. ஒரே இடத்துல நின்னா அந்த இடத்து இரைச்சலை முழுசா வாங்கணும். ஓடிக்கிட்டே இருந்தா பல இடத்து இரைச்சல் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கும். ஓட்டம்ங்கறது செலவு மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன், சில சமயம் அது வரவாவும் இருக்கு.

இப்ப சண்டைக்கு வரேன். எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வர்ற இடம்.

2024லயே ஜெர்மானியத்துல ஒரு சோதனை, அதுவும் டெல்ஃப்ட்தான். ஸ்பின்னை 300 மைக்ரோமீட்டருக்கு மேல கொண்டு போனாங்க. அதே கட்டுரையில, அதே வரியிலேயே சொல்றாங்க: 300ங்கறது 'மேல்' இல்லேன்னா 'கீழ்'ங்கற அடிப்படை நிலைக்கு. மேலும் கீழும் கலந்த நிலையைக் கொண்டு போனது 9 மைக்ரோமீட்டர். எதிரொலி உத்தி சேர்த்தா 49. மேல்/கீழ் மட்டும் போய்ச் சேர்றதுன்னா அது சாதாரண பிட். அதுக்கு ஒரு செப்புக் கம்பி போதும்! நமக்கு வேண்டியது 9. ஆனா எங்க கிளாஸ் வாட்ஸப் குரூப்புல சுத்தினது எதுன்னு நினைக்கறீங்க? 300தான். அந்தக் குழு மேல தப்பே இல்ல. படிக்கிற நாம பெரிய எண்ணைக் கண்டா போதும்னு பாய்றோம்.

இதே மாதிரி இன்னொண்ணு. எலெக்ட்ரான் போய்ச் சேர்ந்துச்சான்னு அளக்கறது வேற, அதோட நிலை போய்ச் சேர்ந்துச்சான்னு அளக்கறது வேற. ஆகன்-யூலிக் குழு 2022ல 420 நானோமீட்டர் பெல்ட்ல 99.42 சதவீதம் காட்டினாங்க, முக்கியமான வேலை. ஆனா அது மின்னூட்டம் போய்ச் சேர்ந்த கணக்கு. தூக்குவாளி வந்துச்சு, உள்ள சாம்பார் இருக்கான்னு அப்புறம்தான் திறந்து பாக்கணும். செமினார்ல இந்த ரெண்டு சதவீதத்தையும் ஒரே டேபிள்ல பக்கத்துல பக்கத்துல போட்டா, நான் மறுபடியும் கை தூக்குவேன். சொல்லிட்டேன்.

தியரி ஆளுங்க சந்தோஷப்பட வேணாம், உங்களுக்கும் இருக்கு :-)

2003ல சௌகதோ போஸ் ஒரு எளிமையான கேள்வி கேட்டார். ஸ்பின்களை ஒரு சங்கிலியா கோத்துட்டு, நடுவுல கையே வைக்காம, ஒரு முனையில நிலையைப் போட்டுட்டு காத்திருந்தா அடுத்த முனைக்குப் போகுமா? போகும், ஆனா வழியில பரவிடும். ஒரே அளவு பிணைப்பு இருந்தா முழுசா போறது ரெண்டு, மூணு ஸ்பின்னுக்கு மட்டும்தான். 2004ல கிறிஸ்டாண்டல், தத்தா, எக்கர்ட், லாண்டால் நாலு பேரும் இதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. நடுவுல பிணைப்பு பலமாவும் ஓரத்துல மெலிசாவும் ஒரு குறிப்பிட்ட கணக்குப்படி வச்சா, எவ்வளவு நீளமா இருந்தாலும் நூத்துக்கு நூறு. அழகுன்னா அவ்வளவு அழகு. போன செமஸ்டர் அதை பைத்தான்ல எழுதி ஓட்டினப்போ கடைசி எண் 1.000ன்னு வந்ததும் ஹாஸ்டல்ல எல்லாரையும் எழுப்பிட்டேன். (அடி வாங்கினேன்.)

அடுத்த நாள் ஒவ்வொரு பிணைப்பையும் சும்மா 5 சதவீதம் தாறுமாறா மாத்திவிட்டு ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் வேற வேற எண். அந்த ஒண்ணு திரும்பி வரவே இல்ல. சங்கிலி நீளமாக ஆக இன்னும் மோசம். ஆனா 'பரிபூரண மாற்றம்'னு தலைப்பு வச்ச கட்டுரைகளை எடுத்தீங்கன்னா, பாதி பேரு நான் அடுத்த நாள் செஞ்சதைச் செய்யறதே இல்ல. புது கிராஃப், புது நிபந்தனை, மறுபடி 1.000. எங்க நாட்டுல எம்.எஸ்சி ப்ராஜெக்ட்டுக்கு இது ரொம்ப வசதி. லேப் வேணாம், ஹீலியம் வேணாம், லேப்டாப் போதும். நானே அதைத்தானே செஞ்சேன்.

2024ல சீனாவுல ஜெஜியாங் குழு 6க்கு 6, ஆக 36 மீக்கடத்தி க்யூபிட் வலையில ஒரு மூலையிலேர்ந்து எதிர் மூலைக்கு நிலையைக் கொண்டு போனாங்க. ஒரே ஒரு கிளர்வுக்கு சுமார் 0.90. எப்படி? அந்த அழகான சமச்சீர் சூத்திரத்தை அப்படியே போடல. நிஜ சிப்புல வேண்டாத பக்கவாட்டுப் பிணைப்புகள் இருக்கு, அதையும் கணக்குல சேர்த்து கம்ப்யூட்டரை விட்டுத் தேட வச்சாங்க. கிடைச்ச பிணைப்புகள் பார்க்க கோணல்மாணலா இருந்துச்சு, வேலை நல்லா செஞ்சுச்சு. சூத்திரத்தைக் காதலிக்கறது தப்பில்ல. சிப் என்ன சொல்லுதுன்னும் காது கொடுக்கணும்.

மீக்கடத்தி உலகத்துல இன்னொரு கதை, சுருக்கமா. 2018ல சூரிக்ல ரெண்டு தனித்தனி சிப்புக்கு நடுவுல நுண்ணலை ஃபோட்டானா நிலையை அனுப்பினாங்க. சுமார் 80 சதவீதம். சாதாரணமா வெளியேறற ஃபோட்டான் முன்னால செங்குத்தாவும் பின்னால நீள வாலோடயும் இருக்கும். வாங்கறவங்களுக்கு அது தலைகீழா தெரியும், பாதி தட்டிப் போயிடும். அதனால ஃபோட்டானை ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி உருட்டி அனுப்பறாங்க, 1997ல சிராக், ஜோலர் கூட்டாளிகளோட எழுதின யோசனை. 2023ல அதே ஊர்ல 30 மீட்டர் குளிர் குழாய் போட்டு ஓட்டையில்லாத பெல் சோதனையே செஞ்சாங்க. வெளிச்சம் 30 மீட்டர் போக 100 நானோசெகண்ட், அதுக்குள்ள எல்லாத்தையும் முடிக்கணும். அதே 2023ல சீனாவுல அலுமினிய கேபிள் போட்டு சிப்புக்கு சிப் 99 சதவீதம் வரைக்கும் போயாச்சு. அஞ்சு வருஷத்துல 80லேர்ந்து 99. என்னைக் கேட்டா, பார் சார்ட் போட வேண்டியது இதுக்குத்தான்.

சார் தரப்புல ஒரு நல்ல வாதம் இருக்கு, அவர் சொல்லல, நானே சொல்லிடறேன். பிழை திருத்தத்துக்கு சர்ஃபேஸ் கோடுன்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு பக்கத்து வீட்டுக்காரர் போதும், நிலையைத் தூரமா தூக்கிக்கிட்டு போகவே வேணாம். கூகிள் 2024 டிசம்பர்ல 105 க்யூபிட் வில்லோ சிப்புல காட்டினது அதுதான். உண்மை. ஆனா அதுக்கு விலை என்ன? 2024ல ஐபிஎம் ஆளுங்களே நேச்சர்ல எழுதினாங்க: தூரத்து இணைப்பு உள்ள வேற வகை கோடுல 288 க்யூபிட் வச்சு 12 தருக்க க்யூபிட்டைக் காப்பாத்தலாம், அதே வேலைக்கு சர்ஃபேஸ் கோடுன்னா கிட்டத்தட்ட 3000 வேணும். பக்கத்துல மட்டும் பேசினா 3000. தூரமா பேச முடிஞ்சா 288. பத்து மடங்கு. எண்ணிக்கையைக் கூட்டி ஜெயிக்கலாம்னு நினைக்கறவங்களுக்கே, இணைப்பைச் சரி பண்ணினா எண்ணிக்கை பத்துல ஒண்ணு போதும்னு தெரியும். அந்த 1121 சிப்பை அறிவிச்ச அதே நாள்லதான், 2023 டிசம்பர் 4, ஐபிஎம் 133 க்யூபிட் ஹெரானையும் அறிவிச்சது. அவங்க அடுத்தடுத்து வளர்த்தது எதை? சின்னதை.

நம்ம நாட்டு விஷயத்தைச் சொல்லாம விட்டா தூக்கம் வராது. தேசிய குவாண்டம் திட்டம், 2023 ஏப்ரல்ல மத்திய அமைச்சரவை ஒப்புதல், 6003.65 கோடி ரூபாய், 2030-31 வரைக்கும். தலைப்பு இலக்குகளைப் பாருங்க. எட்டு வருஷத்துல 50லேர்ந்து 1000 க்யூபிட். 2000 கிலோமீட்டருக்குப் பாதுகாப்பான தகவல் தொடர்பு. ரெண்டும் நல்லதுதான், நான் திட்டத்துக்கு எதிரி இல்ல. சென்னையில ஐஐடியில தொடர்பு மையம், பெங்களூர்ல கணினி மையம், டெல்லியில பொருள்-கருவி மையம்னு பிரிச்சிருக்காங்க. ஆனா 2000 கிலோமீட்டருக்கு இலக்கு இருக்கு, 10 மைக்ரோமீட்டருக்குத் தலைப்புல இடம் இல்ல. சிப்புக்குள்ள நிலையை நகர்த்தறது எந்த மையத்தோட தலைவலி? கணினியா, தொடர்பா, பொருளா? மூணு வீட்டுக்கும் நடுவுல இருக்கிற சாக்கடையை யாரும் தூர் வார மாட்டாங்கங்கறது நம்ம தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்ச அனுபவம்.

க்யூபிட் எண்ணிக்கை கேக்கற ஒவ்வொரு படிவத்துலயும் பக்கத்துல ரெண்டே ரெண்டு கட்டம் போதும். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரத்துல? கலந்த நிலையில எவ்வளவு மிச்சம்? இதைப் போட்டா என்ன குறைஞ்சிடும்?

அந்த முதல் வருஷப் பொண்ணுகிட்ட என்ன சொன்னேன்னு கேக்கறீங்களா? பெருசா ஒண்ணும் சொல்லல. டெல்ஃப்ட் கட்டுரையை பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். 99 சதவீதத்தைப் பத்து தடவை பெருக்கச் சொன்னேன். 0.90ன்னாள். நூறு தடவைன்னேன். 0.37. கொஞ்ச நேரம் பேசாம இருந்தா. அப்புறம், "அப்ப நூறு தடவை நகர்த்தவே முடியாதாக்கா?"ன்னு கேட்டா. இப்போதைக்கு முடியாதுன்னேன். கட்டுரையைத் திருப்பித் தரவே இல்ல, எடுத்துட்டுப் போயிட்டா. டேட்டா சயன்ஸ் பத்தி அப்புறம் பேச்சே எடுக்கல, மாறினாளா இல்லையான்னு திங்கக்கிழமைதான் தெரியும்.

டிஸ்கி: சார் நல்லவர்தான், கோவம் அந்த வாக்கியத்து மேல மட்டும். வெள்ளிக்கிழமை மதியம் மூணு மணிக்கு கம்ப்யூட்டர் லேப்ல அந்த 5 சதவீதக் கணக்கை ஓட்டிக் காட்டறேன். எங்க கிளாஸ் மக்கள் வரலாம், பென் டிரைவ் கொண்டு வாங்க. வெளியூர்க்காரங்க சந்தேகம் இருந்தா கீழ எழுதுங்க, "சூப்பர்"னு மட்டும் எழுதாம சண்டை போடுங்க.